கடல்மீன் தொட்டி: அளவும் மீன் விடும் முறையும்

கடல்மீன்களைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கப் புகுவோர் பெரும்பாலும் செய்யும் பிழைகள் இரண்டு. தொட்டியைச் சிறிதாக வாங்குவது ஒன்று. வாங்கிய அன்றே மீன்களை விடுவது மற்றொன்று. இவ்விரண்டினாலும் மீன்கள் மடிந்து பணம் வீணாகிறது. பண்படுத்தாத நிலத்தில் விதைத்த விதை எவ்விதமோ, பக்குவப்படாத ஜலத்தில் விட்ட மீனும் அவ்விதமே.

தொட்டியின் அளவு.— ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி சுமார் 42 லிட்டர் ஜலம் கொள்ளும். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ளதோ சுமார் 190 லிட்டர் கொள்ளும். ஒரு மீன் இறந்து அழுகினால் உண்டாகும் விஷம், சிறிய தொட்டியில் பெரியதைக் காட்டிலும் நாலரை மடங்கு கடுமையாயிருக்கும். வெயில் நாட்களில் விரைவில் சூடேறுவதும் சிறிய தொட்டியே. ஆகையால், புதிதாகத் தொடங்குவோர்க்கு மூன்றடித் தொட்டியே ஏற்றது. கடல்நீரில் கரையும் பிராணவாயு, நன்னீரில் கரைவதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றுப் படும் மேற்பரப்பு விரிந்திருக்கவேண்டுமாதலால், உயரத்தினும் நீள அகலங்களே முக்கியமானவை. மணலும் கல்லும் சேர்ந்தால் இத்தொட்டியின் பாரம் 250 கிலோவை எட்டக்கூடும். எனவே உறுதியான பீடத்தின்மேல், நேர்வெயில் படாத இடத்தில் வைத்தல் வேண்டும்.

ஜலம்.— ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் உள்ளன. உப்பளத்து உப்பை நீரில் கரைத்தால் அது கடல்நீராகிவிடாது. உப்பு விளையும்போது மக்னீசியம் முதலியவற்றின் பெரும்பகுதி கழிநீரிலேயே நின்றுவிடுகிறது. தெளிந்த கடல்நீரையாவது, இதற்கென விற்கப்படும் உப்புக் கலவையையாவது உபயோகிக்கவேண்டும். ஆற்று முகத்துவாரங்களில் மழைக்குப்பின் எடுத்த நீர் ஆகாது. தொட்டியில் ஆவியாவது நீரேயன்றி உப்பன்று. ஆதலால், வற்றிய அளவுக்கு நன்னீரையே ஊற்றவேண்டும். கடல்நீரை ஊற்றினால் உப்பு மிகும்.

பக்குவம்.— மீனின் கழிவிலிருந்து அமோனியா உண்டாகிறது. அது கடல்நீரில் நன்னீரைவிடக் கொடிய விஷமாக வேலை செய்யும். ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், வேறொருவகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. எருவிட்ட நிலத்தில் நிகழ்வதும் இதுவே. இந்நுண்ணுயிர்கள் மணலிலும் கல்லிலும் பெருக நான்கு முதல் ஆறு வாரமாகும். அதுவரை மீன் விடாமல், சிறிது மீன் இரையை மட்டும் இட்டு, நீரை ஓட்டத்தில் வைத்திருத்தல் வேண்டும். பரீட்சையில் அமோனியாவும் நைட்ரைட்டும் இல்லையென்று கண்டபின், நீரில் ஒரு பகுதியை மாற்றி மீன்களை விடலாம்.

மீன் விடுதல்.— மூன்றடித் தொட்டிக்குச் சிறு மீன்கள் ஐந்தாறு போதும். வாங்கும்போதுள்ள அளவைப் பாராமல், முழு வளர்ச்சியில் அடையும் அளவையே கணக்கிடவேண்டும். முதலில் ஒரு ஜதை கோமாளி மீன் விடலாம். இவை யாவும் ஆணாகவே வளர்ந்து, கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். ஆகவே இளங்குஞ்சுகள் இரண்டு விட்டால் ஜதை தானே அமையும். இரண்டுக்கு மேற்பட்டால் சண்டை நேரும். அடுத்த மீன்களை இரண்டு மூன்று வாரம் கழித்தே சேர்க்கவேண்டும். நுண்ணுயிர்கள் புதிய கழிவுக்கு ஏற்பப் பெருக அவகாசம் தேவை. புது மீன்களை முதலில் வேறு தொட்டியில் மூன்று நான்கு வாரம் வைத்து நோயில்லையென்று அறிவது உத்தமம். சண்டைக்கார மீன்களைக் கடைசியில் விடுக. சிங்க மீன் தன் வாய் கொள்ளும் மீன்களையெல்லாம் விழுங்கும். வண்ணத்துப்பூச்சி மீன்களிற் பல பவள உயிர்களைத் தின்று வாழ்பவையாதலால் தொட்டியில் பட்டினியால் மடியும்.

கவனிக்கவேண்டிய சட்டம்.— கடற்குதிரைகளும் பாறை அமைக்கும் பவளங்களும் 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் 2001-ல் சேர்க்கப்பட்டன. அலங்காரத்துக்கென்று அவற்றைக் கடலிலிருந்து எடுப்பது குற்றம். கடலோரக் கிராம அதிகாரிகள் இதனைக் குடிகளுக்கு எடுத்துரைத்தல் நலம். கோமாளி மீன்களுக்கோ கடலை நாடவேண்டிய அவசியமில்லை. 1947-ல் தொடங்கிய மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் அவற்றைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கச் செய்யும் முறையை வகுத்திருக்கிறது. அவ்விதம் பிறந்த குஞ்சுகள் தொட்டி வாழ்வுக்கும் இடப்படும் இரைக்கும் பழகியவை. அவற்றையே கேட்டு வாங்குதல் வளர்ப்போர்க்கும் கடலுக்கும் நன்மை தரும்.