பொதுப்பணத்துக்கு யார் பொறுப்பு?

சென்ற பொங்கல் விழா முடிந்தபின் நம் சங்கக் கணக்கில் 8,000 ரூபாய்க்குச் சற்று மேல் மிஞ்சியது. பொருளாளன் என்ற முறையில் பணம் என் பொறுப்பில் இருந்தது. மூத்த மாணவர் ஒருவர் வந்தார். "தம்பி, விழாவுக்குச் சமைத்தவர் கஷ்டத்தில் இருக்கிறார். நமக்கு வேண்டியவர். இரண்டு மாதத்துக்குக் கைமாற்றாகக் கொடு. கமிட்டிக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்" என்றார். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். எனக்கோ தயக்கம். அந்தத் தயக்கத்தோடு நூலகத்தில் உட்கார்ந்தபோது படித்ததுதான் முந்திரா விவகாரம். அதை நண்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஆயுள் இன்ஷூரன்ஸ் ஒரு காலத்தில் தனியார் தொழிலாக இருந்தது. பாலிஸிதாரர் கட்டிய பணத்தைச் சில முதலாளிகள் தங்கள் சொந்தப் பணம்போல் கையாண்டார்கள். இதை 1955 டிசம்பரில் லோக் சபையில் எடுத்துக்காட்டியவர் பெரோஸ் காந்தி. அடுத்த மாதமே சர்க்கார் அத்தொழிலைத் தன் வசப்படுத்தியது. 245 நிறுவனங்கள் ஒன்றாகி, 1956 செப்டம்பர் 1-ஆம் தேதி ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷன் பிறந்தது.

முதலாளியின் கையிலிருந்து சர்க்காரின் கைக்கு மாறிவிட்டால் பணம் பத்திரமாகிவிடுமா? ஓராண்டு நிறைவதற்குள் அதற்குச் சோதனை வந்தது. 1957 ஜூனில் ஹரிதாஸ் முந்திரா என்ற கல்கத்தா தொழிலதிபருடன் சம்பந்தப்பட்ட ஆறு கம்பெனிகளின் பங்குகளைக் கார்ப்பொரேஷன் வாங்கியது. தொகை சுமார் 1 கோடியே 24 லட்சம் ரூபாய். முதலீடுபற்றி யோசனை சொல்வதற்கென்றே ஒரு கமிட்டி இருந்தும், அதை முன்கூட்டிக் கேட்கவில்லை.

1957 டிசம்பர் 16-ஆம் தேதி பெரோஸ் காந்தி மறுபடியும் எழுந்தார். அவர் ஆளுங்கட்சிக்காரர், பிரதமர் நேருவின் மருமகன். இன்ஷூரன்ஸை நாட்டுடைமையாக்கியதை வரவேற்றவரும் அவரே. ஆனாலும், தாம் வரவேற்ற நிறுவனத்தையே கேள்வி கேட்டார். இந்த இடம்தான் என் மனத்தில் பதிந்தது. எதிரி கேட்கும் கணக்கு வேறு, வேண்டியவன் கேட்கும் கணக்கு வேறு அல்லவா?

பம்பாய் ஹைகோர்ட்டின் பிரதம நீதிபதி சாக்ளா பகிரங்கமாக விசாரித்தார். கல்கத்தா பங்குச் சந்தையைத் தாங்கிப் பிடிக்கவே வாங்கினோம் என்ற சமாதானத்தை அவர் ஏற்கவில்லை. நிதி மந்திரியான சென்னைக்காரர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி, தாம் இதற்குச் சம்மதம் தரவில்லை என்றார். காரியதரிசி எச். எம். பட்டேல், மந்திரிக்குத் தெரிந்தே நடந்தது என்றார். காரியதரிசியின் செயலுக்கு அரசியல் சட்டமுறைப்படி மந்திரியே பொறுப்பு என்று சாக்ளா முடிவு சொன்னார். 1958 பிப்ரவரியில் மந்திரி ராஜினாமாச் செய்தார்.

அதிகாரி செய்ததற்கு மந்திரி போவது நியாயமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயம் என்பதே என் கட்சி. மந்திரிக்குத் தெரியாது, அதிகாரி தானாகச் செய்யவில்லை என்று இருவரும் கைவிரித்தால், பாலிஸிதாரன் யாரைக் கேட்பான்?

இன்னொரு சிக்கலும் உண்டு. சட்டத்தால் அமைந்த கார்ப்பொரேஷனின் அன்றாட வேலையில் சர்க்கார் தலையிடக் கூடாது என்றார் சாக்ளா. தலையிடாவிட்டால் கண்காணிப்பது யார்? பாலிஸிதாரரின் நன்மைக்கே அப்பணம் பயன்பட வேண்டும், பார்லிமெண்டுக்கு உண்மையை உடனுக்குடன் முழுமையாகச் சொல்ல வேண்டும் என்றும் அவர் சேர்த்துச் சொன்னார். பொதுத்துறை நிறுவனங்களை ஆராயப் பார்லிமெண்ட் 1964-இல் தனிக் கமிட்டி அமைத்தது. ஆகவே, சுதந்திரம் கொடுக்கலாம். கணக்கிலிருந்து விடுதலை கொடுக்கலாகாது.

பணம் யாருடையது? முடிவு செய்யும் உரிமை யாருக்கு? கணக்கை யாரிடம் சொல்வது? கோடியானாலும் சில ஆயிரமானாலும் கேள்விகள் இந்த மூன்றுதான். "அண்ணா, கமிட்டியை முதலில் கேட்போம்" என்றேன். கமிட்டி கூடியது. சங்கப் பணத்தைத் தொடக்கூடாது, உதவ விரும்புவோர் சொந்தப் பணத்தைத் தரலாம் என்று முடிவாயிற்று. முதலில் பணம் எடுத்து வைத்தவர் அந்த அண்ணாதான்.

கணக்குப் புத்தகம் என் அறையில் இருக்கிறது. எந்த உறுப்பினரும் வந்து பார்க்கலாம், கேள்வியும் கேட்கலாம்.