பதினைந்தா, ஐம்பதா? தொலைபேசி ஆங்கிலத்துக்கு ஒரு பாடம்



அறுகம்பே என்று வெளிநாட்டார் அழைக்கும் உல்லைக் கடற்கரையில் மே மாதம் தொடங்கி ஒக்டோபர் வரை அலைச்சறுக்கு விளையாட்டுக்காரர் கூடுவார்கள். குளத்து நீர் எட்டாத காணிகளில் சிறுபோகம் செய்ய முடியாமல் இருக்கும் காலமும் அதுவேதான். மழையை நம்பிய வயலில் பெரும்போக அறுவடை முடிந்தால், அடுத்த மாரி வரை அந்தக் குடும்பத்துக்கு வேலை இல்லை. 1990 இல் வன்செயலால் காணியை விட்டு வந்தவர்கள், 2004 டிசம்பர் 26 இல் கடலுக்கு வீட்டைக் கொடுத்தவர்கள், 2010 இல் பாணமைப் பக்கத்தில் பயிர்நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் என்று இப்பகுதியில் காணியிழந்தோர் பல வகை. இவர்களில் பலர் உல்லையின் அந்த ஐந்தாறு மாதத்தில் ஏதாவது விற்று ஆண்டு முழுவதையும் ஓட்டப் பார்க்கிறார்கள். மரக்கறி, தயிர்ச்சட்டி, இளநீர், ஆட்டோ ஓட்டம், வீட்டின் ஓர் அறையை வாடகைக்கு விடுதல் என்று தொழில்கள் சிறியவை.

இத்தொழில்கள் எல்லாம் இன்று கைத்தொலைபேசியில் நடக்கின்றன. மணி அடிக்கிறது, எடுத்தால் மறுபக்கம் ஆங்கிலம். இவ்விதழின் பாடம் அதைப்பற்றியது.

எங்கள் மாலை வகுப்புக்கு வரும் சகோதரி ஒருவர் தோட்டக்காரர் சிலரிடம் மரக்கறி சேர்த்து விடுதிகளுக்குக் கொடுப்பவர். ஒரு நாள் சமையற்கூடத்திலிருந்து தக்காளி கேட்டு அழைப்பு வந்தது. ‘ஃபிஃப்டீன்’ என்றது குரல். இவருக்கு ‘ஃபிஃப்டி’ என்று கேட்டது. ‘ஓகே, ஓகே’ என்று வைத்துவிட்டார். மறுநாள் 50 கிலோ தக்காளியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். கேட்டவர்கள் 15 கிலோவை நிறுத்து எடுத்து, காசையும் சரியாகக் கொடுத்தார்கள். மிச்சம் 35 கிலோ வெயிலில் இரண்டு நாள் கிடந்து அழுகியது. யார் மீதும் குற்றமில்லை. ஆனால் தோட்டக்காரருக்குக் கொடுக்க வேண்டிய கடன் மட்டும் நின்றது.

ஏன் இப்படி நடக்கிறது?

நேரில் பேசும்போது நாம் காதால் மட்டும் கேட்பதில்லை. உதட்டையும் கையையும் பார்க்கிறோம். பதினைந்து என்றால் விரலைக் காட்டலாம். தொலைபேசியில் இவை எதுவும் இல்லை. போதாததற்கு, பழைய தொலைபேசிக் கம்பி ஏறக்குறைய 300 முதல் 3,400 ஹேர்ட்ஸ் வரையான ஒலியை மட்டுமே கடத்தியது. ‘ஸ்’, ‘ஃப்’ போன்ற காற்றொலிகளை வேறுபடுத்தும் கூர்மை பெரும்பாலும் அந்த எல்லைக்கு மேலே இருக்கிறது. ஆகவே ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுவோருக்கே தொலைபேசியில் இவை இரண்டும் மயங்கும். இன்றைய கருவிகள் நல்லவைதான். என்றாலும் கோமாரிக்கும் பொத்துவிலுக்கும் இடையில் பஸ்ஸுக்குள் இருந்து பேசினால் அந்த நன்மையையும் காற்று கொண்டுபோய்விடும்.

‘ஃபிஃப்டீன்’ என்பதில் பின்பாதி நீண்டு ஒலிக்கும். ‘ஃபிஃப்டி’ என்பதில் முன்பாதி அழுந்தி, பின்பாதி சுருங்கும். 13 - 30, 14 - 40 தொடக்கம் 19 - 90 வரை இதே கதைதான். காதைப் பழக்கலாம். ஆனால் காதை நம்பி வியாபாரம் செய்ய வேண்டாம். இலக்கம் இலக்கமாகத் திருப்பிக் கேளுங்கள்: ‘வன் ஃபைவ், ஓர் ஃபைவ் ஸீரோ?’ இந்த ஒரு கேள்வி 35 கிலோ தக்காளியைக் காப்பாற்றியிருக்கும்.

‘ஃ’ ஒலி வராது என்று வெட்கப்படுவோருக்கு ஒரு சொல். ‘வ’ சொல்லப் போகும் இடத்தில் கீழுதட்டை மேற்பல்லில் வைத்து, குரல் எழுப்பாமல் காற்றை மட்டும் ஊதுங்கள், வந்துவிடும். கல்முனை, பொத்துவில் முஸ்லிம் சகோதரருக்கு அதுவும் தேவையில்லை. ஃபாத்திஹா ஓதும் உதடு ஃபைவ் என்றும் சொல்லும். ஸகாத்தின் முதல் ஒலியே ஸீரோவின் முதல் ஒலி. ‘எங்களுக்கு ஆங்கிலம் வாயில் நுழையாது’ என்று சொன்ன முதியவர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, அவர் இரண்டையும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்துச் சிரித்தார். அடுத்த வகுப்புக்குத் தம் பேரனையும் கூட்டி வந்தார்.

மரியாதை எங்கே இருக்கிறது?

தமிழில் மரியாதை வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. ‘சொல்லு’ என்பது வேறு, ‘சொல்லுங்க’ என்பது வேறு. ஆங்கிலத்தில் அந்த வால் இல்லை. பேரப்பிள்ளைக்கும் ‘யூ’, அரசாங்க அதிபருக்கும் ‘யூ’. ஆகவே நாம் மிகுந்த மரியாதையோடு ‘சொல்லுங்க’ என்று மனதில் நினைத்து ‘டெல்’ என்று சொன்னால், மறுபக்கத்தில் ‘சொல்லு’ என்றுதான் விழும். ‘நீங்க யாரு?’ என்பதை ‘ஹூ ஆர் யூ?’ என்றால், ‘யாரடா நீ?’ என்பதுபோல் இருக்கும். நம்முடைய மனதில் இருந்த பணிவு கம்பியில் போகவில்லை.

ஆங்கிலக்காரர் மரியாதையை இரண்டு இடத்தில் வைக்கிறார்கள். ஒன்று ‘ப்ளீஸ்’. மற்றது ‘குட் யூ’, ‘மே ஐ’ என்று வேண்டுகோளைக் கேள்வியாக்குவது. ஆகவே ‘டெல்’ வேண்டாம். ‘ஹௌ கேன் ஐ ஹெல்ப் யூ?’ என்று கேளுங்கள். ‘ஹூ ஆர் யூ’ வேண்டாம்; ‘மே ஐ ஹேவ் யோர் நேம், ப்ளீஸ்?’ என்று கேளுங்கள். ‘வெயிட்’ என்று மட்டும் சொல்ல வேண்டாம். ‘ஜஸ்ட் எ மினிட், ப்ளீஸ்’ என்று சொல்லுங்கள். இலக்கணம் பிழைத்தாலும் ‘ப்ளீஸ்’ தப்பாமல் இருந்தால் மறுபக்கத்தார் பொறுத்துக்கொள்வார்கள்.

எடுத்தவுடன் ‘ஹலோ’ என்று சொல்லி நிறுத்தாமல் உங்கள் பெயரையும் தொழிலையும் சொல்லுங்கள். இந்த ‘ஹலோ’ ஒன்றும் வேதவாக்கு அல்ல. 1876 இல் தொலைபேசிக்கு உரிமம் பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல் ‘அஹோய்’ என்று கப்பற்காரர் கூப்பிடும் சொல்லையே விரும்பினார். ‘ஹலோ’ எடிசனின் யோசனை.

வேறு சில சொற்கள் நேரடியாக மொழிபெயர்த்தால் ஆபத்தானவை. வீட்டுக்காரர் வெளியே போயிருக்கிறார். ‘அவர் இல்லை’ என்பதை ‘ஹீ இஸ் நோ மோர்’ என்று சொன்னால் அவர் இறந்துவிட்டார் என்று பொருள். ‘ஹீ இஸ் அவுட் நௌ’ என்று சொல்லுங்கள். ‘சரி, வைக்கிறேன்’ என்பதை ‘ஓகே, ஐ ஆம் கீப்பிங்’ என்றால் எதை வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்று அவர் யோசிப்பார். ‘தேங்க் யூ, பாய்’ போதும். ‘ஓம்’ என்றும் ‘ம்’ என்றும் தலையாட்டியும் பழகியவர்கள் நாங்கள். அதில் எதுவும் அங்கே போய்ச் சேராது. வாய் திறந்து ‘யெஸ்’ என்று சொல்ல வேண்டும்.

அந்த ‘யெஸ்’ஸிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ‘டோன்ட் யூ ஹேவ் எ ரூம்?’ என்று ஒருவர் கேட்கிறார். அறை இல்லையா என்பது கேள்வி. தமிழில் அறை இல்லாவிட்டால் ‘ஓம், இல்லை’ என்போம். அப்படியே ‘யெஸ்’ என்று சொன்னால் அறை இருக்கிறது என்று நினைத்து அவர் கொழும்பிலிருந்து பஸ் ஏறிவிடுவார். இரவு வந்து வாசலில் நிற்பார். ஆகவே தனியே ‘யெஸ்’, ‘நோ’ சொல்லாதீர்கள். ‘யெஸ், வீ ஹேவ் எ ரூம்’ அல்லது ‘சொறி, நோ ரூம்’ என்று முழுதாகச் சொல்லுங்கள்.

விளங்காமல் ‘ஓம்’ சொல்வது

எங்கள் வகுப்பில் மிகக் கடினமான பாடம் இலக்கமும் அல்ல, ஒலியும் அல்ல. ‘எனக்கு விளங்கவில்லை’ என்று சொல்வதுதான். முகாம்களில் நிவாரண அட்டைக்கு வரிசையில் நின்றவர்களுக்கு இது ஏன் என்று தெரியும். தெரியாத மொழியில் அச்சிட்ட படிவத்தை நீட்டுவார்கள். கேள்வி கேட்டால் வரிசை நகராது, பின்னால் நிற்பவர் முணுமுணுப்பார். ‘ஓம் ஐயா’ என்று கையெழுத்து வைத்துவிட்டுப் போவதே புத்தி என்று அந்த ஆண்டுகள் எங்களுக்குப் பழக்கிவிட்டன. அன்று அது பிழைக்கும் வழி. இன்று அதே பழக்கம் தொலைபேசியில் ‘ஓகே, ஓகே’ என்று வருகிறது.

அழைக்கிறவரும் பல வேளைகளில் நம்மைப் போலத்தான். ஜேர்மன்காரருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் ஆங்கிலம் படித்துப் பெற்ற மொழி. ஜேர்மன் மொழியில் 25 ஐ ‘ஐந்தும் இருபதும்’ என்ற ஒழுங்கில் சொல்வார்கள். ஆங்கிலத்தில் பேசும்போது அவர்களில் சிலர் 52 என்று தடுமாறுவதும் உண்டு. நீங்கள் திருப்பிக் கேட்டால் அவருக்கும் ஆறுதலே.

இந்த மூன்று வாக்கியத்தையும் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லும் அளவுக்குப் பழகுங்கள்:

சொறி, குட் யூ ஸே தட் அகேன், ப்ளீஸ்? (மன்னியுங்கள், திரும்பச் சொல்வீர்களா?)
ஸ்லோலி, ப்ளீஸ். (கொஞ்சம் ஆறுதலாக.)
குட் யூ ஸென்ட் எ மெசேஜ், ப்ளீஸ்? (எழுத்தில் அனுப்புவீர்களா?)

மூன்றாவதை ஏமாற்று வழி என்று நினைக்க வேண்டாம். வட்ஸ்அப்பில் வந்த எழுத்தைப் பள்ளிக்கூடம் போகும் மகளிடம் காட்டலாம். தகராறு வந்தால் சாட்சியாகவும் இருக்கும்.

பெயரை எழுத்துக்கூட்டும்போது பீ, டீ, ஈ, ஜீ, வீ எல்லாம் ஒன்றுபோலக் கேட்கும். இதற்காகவே 1956 இல் உலக விமானப் போக்குவரத்தில் ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்ற எழுத்துச்சொல் வரிசை நடைமுறைக்கு வந்தது. (நம் நாட்டில் அந்த ஆண்டு வேறொரு மொழிக் காரணத்துக்காக நினைவில் நிற்கிறது.) முழுவதையும் மனனம் செய்யத் தேவையில்லை. ‘பீ ஃபோர் போட், டீ ஃபோர் டொக்டர்’ என்று இருவருக்கும் தெரிந்த சொல்லைச் சொன்னால் போதும். அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று ஊர்ப்பெயரால் சொல்லாதீர்கள். அவர் இன்னும் குழம்புவார்.

உங்கள் இலக்கத்தை வெளிநாட்டாருக்குச் சொல்லும்போது முன்னால் உள்ள பூச்சியத்தை விட்டு 94 சேர்க்க வேண்டும். நேரத்தையும் பாருங்கள். உல்லைப் பருவ காலத்தில் நமக்குக் காலை 9 மணி என்றால் லண்டனில் விடியற்காலை 4.30, சிட்னியில் பகல் 1.30.

பயிற்சி

இருவர் இருவராக முதுகோடு முதுகு சாய்ந்து உட்காருங்கள். முகம் தெரியக்கூடாது. ஒருவர் கேட்பவர், மற்றவர் விற்பவர். விற்பவர் கையில் பென்சிலும் காகிதமும் இருக்க வேண்டும்: பெயர், இலக்கம், என்ன பொருள், எவ்வளவு, எந்தத் திகதி. இந்த ஐந்தும் நிரம்பும் வரை பேச்சு முடியக்கூடாது. இன்று வியாழக்கிழமை என்று வைத்துக்கொள்வோம்.

கேட்பவர்: ஹலோ, டூ யூ ஸெல் வெஜிடபிள்ஸ்?
விற்பவர்: குட் மோர்னிங். யெஸ், வீ ஸெல் வெஜிடபிள்ஸ். ............ ஸ்பீக்கிங்.
கேட்பவர்: கேன் ஐ ஹேவ் ஃபிஃப்டீன் கிலோஸ் ஒஃப் டொமேட்டோஸ் ஃபோர் ஃப்ரைடே?
விற்பவர்: சொறி, வன் ஃபைவ், ஓர் ஃபைவ் ஸீரோ?
கேட்பவர்: வன் ஃபைவ்.
விற்பவர்: வன் ஃபைவ் கிலோஸ். ஃப்ரைடே, டுமோரோ?
கேட்பவர்: நோ, நோ. ஃப்ரைடே நெக்ஸ்ட் வீக்.
விற்பவர்: வட் டேட், ப்ளீஸ்?
கேட்பவர்: த டென்த்.
விற்பவர்: த டென்த். வன் ஸீரோ. மே ஐ ஹேவ் யோர் நேம், ப்ளீஸ்?

பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டு முடியுங்கள். பிறகு இடம் மாறுங்கள்.

வகுப்பு நடத்துவோருக்கு: வளர்ந்தவர்களைக் கரும்பலகைக்கு முன் நிறுத்திப் பிழை திருத்தாதீர்கள், அடுத்த நாள் வரமாட்டார்கள். அவரவர் விற்கும் பொருளின் பெயரை முதலில் கொடுங்கள். தயிர் விற்பவருக்குத் தக்காளி எதற்கு? முதுகோடு முதுகு பழகியதும் ஒருவரை வேலிக்கு அப்பால் அனுப்பி, உண்மையான தொலைபேசியில் அழைக்கச் செய்யுங்கள். பக்கத்தில் ஒரு வானொலியைச் சத்தமாகப் போடுங்கள். மேலே சொன்ன சகோதரி இந்தப் பயிற்சியில் முதல் நாள் நான்கு தடவை ‘ஓகே, ஓகே’ என்றார், நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தோம். மூன்றாம் வாரம் வானொலிச் சத்தத்துக்கு மேலாகக் கத்தினார்: ‘வன் ஃபைவா, ஃபைவ் ஸீரோவா, ப்ளீஸ்?’ தமிழ் வால் ஒட்டியிருந்தது. மறுபக்கத்தில் நின்றவருக்கு விளங்கியது.