ரீமேப் செய்யப் போகும் தம்பி தங்கைகளுக்கு

கார் வாங்கி ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. "அண்ணா, ரீமேப் போட்டா எவ்வளவு ஏறும்?" என்று கேட்டுக்கொண்டு கோவைப் பட்டறைகளுக்கு வரும் பிள்ளைகள் இப்போது அதிகம். ஏறும் என்பது உண்மை. டர்போ கார் என்றால் ஐந்தில் ஒரு பங்கு, சில நேரம் நாலில் ஒரு பங்குகூட ஏறும். ஆனால் அதைக் கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன. கார்புரேட்டர் ஸ்குரூவைத் திருகிய காலத்திலிருந்து லேப்டாப் காலம் வரை இந்த வேலையைப் பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

1. எதை மாற்றுகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பெட்ரோல் பீச்சுவதையும் தீப்பொறி விழும் நேரத்தையும் ஒரே கம்ப்யூட்டர் கவனிக்கும் முறையை பாஷ் நிறுவனம் 1979-ல் பி.எம்.டபிள்யூ. காரில் கொண்டுவந்தது. இன்று உங்கள் காரில் இருக்கும் ஈசியூ அந்த வழியில் வந்ததுதான். எந்த ஆர்.பி.எம்.மில், எவ்வளவு மிதித்தால், எவ்வளவு பூஸ்ட், எவ்வளவு எரிபொருள், எப்போது தீப்பொறி என்று அதற்குள் அட்டவணை அட்டவணையாக எண்கள் இருக்கும். அந்த அட்டவணைதான் மேப். ரீமேப் என்றால் அந்த எண்களைத் திருத்துவது. அங்கே கம்பெனி கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் எழுதியிருக்கும். சித்திரை வெயில், மட்டமான எரிபொருள், சர்வீஸைத் தள்ளிப்போடும் ஓனர், மலையேற்றத்தில் ஏழு பேர் சுமை என எல்லாவற்றுக்கும் சேர்த்து விட்ட இடைவெளி அது. ரீமேப்பில் நீங்கள் செலவழிப்பது அந்த இடைவெளியைத்தான்.

2. டர்போ இல்லாத காருக்கு இந்தச் செலவு வேண்டாம்.

டர்போ இல்லாத 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினுக்குள் காற்று தானாகத்தான் போக வேண்டும். மேப்பில் எண்களை மாற்றினால் கூடுதல் காற்று வந்துவிடாது. ஆக்சிலரேட்டர் கொஞ்சம் துடிப்பாகத் தெரியும், அவ்வளவுதான். அந்தப் பணத்துக்கு நல்ல டயர் நாலு வாங்கலாம்.

3. "அதே எஞ்சின்தானே" என்று சொன்னால் நின்று விசாரியுங்கள்.

ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் டீசல் எஞ்சினை நம் ஊரில் தெரியாதவர் இல்லை. ஸ்விஃப்டில் அது 75 குதிரைத்திறன், 190 நியூட்டன் மீட்டர். அதே 1,248 சிசி எஞ்சின் எர்டிகாவிலும் சியாஸிலும் 90 குதிரைத்திறன், 200 நியூட்டன் மீட்டர். "பாருங்க, சாஃப்ட்வேர் மட்டும்தான் வித்தியாசம்" என்பார்கள். இல்லை. 90 கொடுக்கும் எஞ்சினில் டர்போவே வேறு. விசிறி இதழ்களின் கோணம் மாறும் வகை அது. ஸ்விஃப்டில் இருப்பது கோணம் மாறாத சிறிய டர்போ. அதை அளவுக்கு மீறிச் சுழற்றினால் காற்றைவிடச் சூடுதான் அதிகம் வரும். உங்கள் காருக்குள் எந்த டர்போ, எந்த இன்ஜெக்டர் இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் எண்ணைப் பற்றிப் பேச வேண்டும்.

4. முதலில் எஞ்சினின் உடல்நலம், பிறகு மேப்.

சோர்ந்த மாட்டைக் கூடுதல் பாரம் வைத்த வண்டியில் பூட்டக் கூடாது. ஸ்கேனர் போட்டுப் பழைய எரர் ஏதாவது நிற்கிறதா பாருங்கள். டீசலில் ஒவ்வொரு இன்ஜெக்டரும் எவ்வளவு திருத்தம் வாங்குகிறது என்று பாருங்கள். ஒன்று மட்டும் தனியாக விலகி நின்றால் அதைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள். இன்டர்கூலர் ஹோஸில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள். பெட்ரோல் கார் என்றால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்.

கிளட்சுக்கு ஒரு சோதனை உண்டு. காலியான ரோட்டில் நாலாம் கியரில் மெதுவாகப் போய், முழுதாக மிதியுங்கள். ஆர்.பி.எம். முள் விருட்டென்று ஏறி, ஸ்பீடோமீட்டர் பின்தங்கினால் கிளட்ச் வழுக்குகிறது. இருக்கும் டார்க்கையே தாங்காத கிளட்ச், ரீமேப் போட்ட வாரத்திலேயே கருகிவிடும்.

5. கியர்பாக்ஸுக்கும் ஒரு கணக்கு உண்டு.

எஞ்சின் தாங்கினால் போதாது. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களில் வரும் ஏழு கியர் டிரை கிளட்ச் டி.எஸ்.ஜி. பெட்டி 250 நியூட்டன் மீட்டருக்காகச் செய்யப்பட்டது. விர்டஸ், ஸ்லாவியா கார்களின் 1.5 டி.எஸ்.ஐ. எஞ்சின் கம்பெனியிலிருந்து வரும்போதே 250 நியூட்டன் மீட்டர் கொடுக்கிறது. பெட்டியின் எல்லையில்தான் கார் ஷோரூமை விட்டே வெளியே வருகிறது. அதன் மேல் டார்க் ஏற்றுகிறவர் யாருடைய பணத்தில் ஏற்றுகிறார் என்று யோசியுங்கள். மானுவல் கியர் என்றாலும் கிளட்ச், டூயல் மாஸ் ஃப்ளைவீல் இரண்டின் விலையையும் முதலில் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

6. தினமும் போடும் எரிபொருளுக்கு மேப் எழுதச் சொல்லுங்கள்.

இணையத்தில் சுற்றும் பல ஃபைல்கள் ஐரோப்பாவில் 98 ஆக்டேன் பெட்ரோலுக்கும் குளிர்ந்த காற்றுக்கும் எழுதப்பட்டவை. நம் ஊரில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் கலந்தால் அதே காற்றுக்குக் கொஞ்சம் அதிக எரிபொருள் தேவை. சேலத்துச் சித்திரை வெயிலில் எஞ்சினுக்குள் போகும் காற்றே கொதிக்கும். 100 ஆக்டேன் பெட்ரோல் எல்லா பங்கிலும் கிடைக்காது. அதை நம்பி எழுதிய மேப்போடு ஊட்டி மலையடிவாரத்தில் சாதா பெட்ரோல் போட்டு முழுச் சுமையில் ஏறினால், நாக் சத்தம் காதில் விழும் முன்பே பிஸ்டன் அடி வாங்க ஆரம்பித்திருக்கும்.

7. பெரிய எண்ணை விட நல்ல டார்க் வளைவைக் கேளுங்கள்.

சின்ன டர்போ பெட்ரோல் எஞ்சின்களில் குறைந்த ஆர்.பி.எம்.மில் முழுச் சுமை விழும்போது, தீப்பொறி விழும் முன்பே கலவை பற்றிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. ஒரே ஒருமுறை பலமாக நடந்தாலும் பிஸ்டன் உடையலாம். அதனால் தெரிந்த ட்யூனர் 2,000 ஆர்.பி.எம்.முக்குக் கீழே கையை அடக்கிக்கொண்டு, மேலே போகப் போகக் கொடுப்பார். 1,500-லேயே முதுகு சீட்டில் ஒட்ட வேண்டும் என்று நீங்களும் பிடிவாதம் பிடிக்காதீர்கள். இந்த ஆபத்தை மனதில் வைத்து வந்த ஆயில் தரம்தான் ஏ.பி.ஐ. எஸ்.பி. உங்கள் மேனுவல் அனுமதித்தால் அதையே ஊற்றுங்கள்.

8. ஆளைப் பார்த்துக் கொடுங்கள்.

நல்ல ட்யூனர் முதலில் கேள்வி கேட்பார்: எத்தனை கிலோமீட்டர் ஓடியது, என்ன பெட்ரோல் போடுகிறீர்கள், யார் ஓட்டுவது. கம்பெனி ஃபைலைப் படித்து உங்களிடமும் ஒரு பிரதி தருவார். முன்னும் பின்னும் டைனோவில் ஓட்டி, பதிவைக் காட்டுவார். அந்தப் பதிவில் கேட்ட பூஸ்டும் கிடைத்த பூஸ்டும் ஒட்டி ஓட வேண்டும். எந்த சிலிண்டரிலாவது தீப்பொறி நேரம் திரும்பத் திரும்பப் பின்வாங்குகிறது என்றால் மேப் அளவு மீறிவிட்டது. டீசலில் புகைப்போக்கியின் சூட்டைக் கேளுங்கள். 800 டிகிரியை ஒட்டி நெடுநேரம் நின்றால் டர்போவுக்கு ஆயுள் இல்லை. "உங்க காருக்கு வேண்டாம் தம்பி" என்று சொல்லத் தெரிந்தவர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

9. எழுதும் நேரத்தில் அவசரம் கூடாது.

ஈசியூவில் ஃபைல் ஏறும்போது எஞ்சின் ஓடாது, இக்னிஷன் மட்டும் ஆனில் இருக்கும். சில கார்களில் ரேடியேட்டர் ஃபேன் முழு வேகத்தில் சுற்றி பேட்டரியை இழுக்கும். பாதியில் வோல்டேஜ் விழுந்தால் ஈசியூ பேச்சு மூச்சில்லாமல் நின்றுவிடும்; பிறகு கழற்றி மேசையில் வைத்துத்தான் உயிர்ப்பிக்க வேண்டும். எனவே பேட்டரியில் சப்போர்ட் சார்ஜர் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஏ.சி., ஹெட்லைட், ஸ்டீரியோ எல்லாம் அணைந்திருக்க வேண்டும். கதவைத் திறந்து மூடி விளையாடாதீர்கள். சார்ஜர் இல்லாமல் லேப்டாப்பைத் திறப்பவரிடம் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

10. புகையைக் கூட்டும் எந்த வேலைக்கும் தலையாட்டாதீர்கள்.

டீசலில் காற்றைவிட எரிபொருள் கூடினால் கரும்புகை. அதைப் பெருமையாக வீடியோ எடுப்பவர்கள் இருக்கிறார்கள். பின்னால் ஸ்கூட்டரில் பிள்ளையை உட்கார வைத்து வரும் தாயின் முகத்தில்தான் அது அடிக்கிறது. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-ல் உறுதியாகச் சொல்லிவிட்டது. பி.எஸ். 6 டீசல் கார்களில் கரித்துகளைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டியைப் பிடுங்கிவிட்டு, அது இருப்பதாக ஈசியூவை ஏமாற்றும் ஃபைலும் விற்கிறார்கள். சாஃப்ட்வேரால் புகைச் சோதனையை ஏமாற்றியதற்காக ஃபோக்ஸ்வாகன் 2015-ல் உலகத்தின் முன் தலைகுனிந்து நின்றது. உலகம் முழுக்க அப்படி ஓடியவை ஒரு கோடியே பத்து லட்சம் கார்கள். அதே காரியத்தை ஒரு காரில் செய்தாலும் தப்பு தப்புதான்.

11. சட்டம், வாரண்டி, இன்சூரன்ஸ் மூன்றையும் முன்பே எண்ணிப் பாருங்கள்.

கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓனருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். "சாஃப்ட்வேர்தானே, யாருக்கும் தெரியாது" என்ற பேச்சை நம்ப வேண்டாம். எத்தனை முறை எழுதப்பட்டது என்ற எண்ணிக்கை பல ஈசியூக்களில் பதிவாகிறது. எஞ்சின் போனால் வாரண்டி கிடைக்காது. விபத்தில் சொல்லாமல் மறைத்தது தெரிந்தால் இன்சூரன்ஸ் கையை விரித்துவிடும். காரை விற்கும்போது வாங்குகிறவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கம்பெனி ஃபைலைத் திரும்ப ஏற்றிக் கொடுப்பது இன்னும் நல்லது.

12. ஓடுவதற்குச் செலவழிக்கும் முன் நிற்பதற்குச் செலவழியுங்கள்.

80 கிலோமீட்டர் வேகத்தை விட 100-ல் பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்குக்கும் மேல். பிரேக் பேட், பிரேக் ஆயில், டயர் மூன்றையும் மாற்றிவிட்டு வந்து பவரைப் பற்றிப் பேசுங்கள். ரீமேப்புக்குப் பிறகு ஆயில் மாற்றும் இடைவெளியைக் குறையுங்கள். மலையேறி வந்ததும் உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் ஓட விடுங்கள்.

13. கூட்டிய வேகத்துக்கு இடம் ரோடு இல்லை.

செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, இருங்காட்டுக்கோட்டையில் சென்னைக்காரர்களுக்கு ரேஸ் டிராக் இருக்கிறது. டிராக் நாள் நடக்கும்போது ஹெல்மெட் மாட்டிக்கொண்டு அங்கே போய், காரும் நீங்களும் எவ்வளவு தாங்குவீர்கள் என்று பாருங்கள். அவிநாசி ரோட்டில் பஸ்ஸை ஓவர்டேக் செய்யக் கம்பெனி கொடுத்த பவரே தாராளம். இதையெல்லாம் படித்துவிட்டு ரீமேப்பே வேண்டாம் என்று முடிவு செய்தாலும் நல்ல முடிவுதான். செய்யத்தான் போகிறேன் என்றால், எஞ்சின் தரக்கூடியதில் கொஞ்சம் குறைத்தே கேளுங்கள். மிச்சம் வைக்கும் இடைவெளிதான் உங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.