நிலத்தடி நீரே அளவுகோல்: கொக்குவிலில் வீடு கட்டுவது பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

யாழ்ப்பாண நகரத்துக்கு வடக்கே காங்கேசன்துறை வீதியை ஒட்டி அமைந்த கொக்குவிலில், போர் முடிந்த 2009ஆம் ஆண்டின் பின்னர் காணிகள் பரப்புக் கணக்கில் துண்டாடப்பட்டு, பழைய வீடுகள் இடிக்கப்பட்டு, மாடி வீடுகள் எழுந்து வருகின்றன. (பரப்பு என்பது பத்துப் பேர்ச்சஸ், அதாவது ஏறத்தாழ 253 சதுர மீற்றர்.) இவ்வாறு கட்டுவோரிடையே சுற்றாடலுக்கு உகந்த வீடு பற்றிய பேச்சும் பெருகியுள்ளது, ஆயினும் அப்பேச்சில் அடிபடும் ஆலோசனைகளிற் பல, ஆறுகள் ஓடும் நாடுகளையோ குளிர் நாடுகளையோ மனத்திற்கொண்டு உருவானவை. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இல்லை; வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும். மண்ணுக்கு அடியில் மயோசீன் காலத்துச் சுண்ணக்கல் படையே பரந்துள்ளது. அதன் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்கும் மழைநீரே கிணற்று நீராகிறது. ஆகவே இங்கு ஒரு கட்டுமான முடிவு பசுமையானதா என்பதை, பொருளின் பெயரைக் காட்டிலும், அப்பொருள் எங்கிருந்து வருகிறது, வளவுக்கு அடியிலுள்ள நீருக்கு அது என்ன செய்கிறது என்ற இரு கேள்விகளே தீர்மானிக்கின்றன.

நம்பிக்கை 1: மண், சுண்ணாம்பு, பனை போன்ற இயற்கைப் பொருள்களால் கட்டினால் சுற்றாடலுக்குத் தீங்கு இல்லை.

உண்மை: இயற்கைப் பொருள் என்பதும் தீங்கற்ற பொருள் என்பதும் ஒன்றல்ல. அழுத்திச் செய்யும் மண்கல், அதாவது மண்ணோடு சிறிதளவு சீமெந்து கலந்து இயந்திரத்தில் அழுத்திச் சூளையில் சுடாமலே உலரவிடும் கல், விறகையும் சீமெந்தையும் மிச்சப்படுத்தும் நல்ல தொழில்நுட்பமே. ஆனால் வலிகாமத்துச் செம்பாட்டு மண் சுண்ணக்கல்லின் மேல் சில அடி ஆழத்துக்கே படிந்துள்ளதாலும், வெங்காயமும் புகையிலையும் மரக்கறியும் விளையும் மண் அதுவேயாதலாலும், கல் அறுப்பதற்காக அதனை அகழ்ந்தால் தோட்டமும் போகும், மழைநீரை வடிகட்டிக் கீழே அனுப்பும் போர்வையும் போகும். சுண்ணக்கல்லைப் பொறுத்தவரையும் நிலைமை இதுவே. 1950ஆம் ஆண்டு தொடங்கி 1990இல் போரினால் மூடப்படும் வரை காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்காகக் கல் அகழப்பட்ட பள்ளங்கள், நீர் தாங்கும் கல்லையே வெட்டி எடுப்பதன் விளைவை இன்றும் காட்டி நிற்கின்றன. பனையைப் பொறுத்தவரை, தீராந்திக்கும் சலாகைக்கும் ஏற்ற வைரம் ஏறுவதற்குப் பல பத்தாண்டுகள் செல்லும் என்பதோடு, 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரந்தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் பலா, ஈரப்பலா ஆகியவற்றைப் போலவே பெண்பனையைத் தறிப்பதற்கும் அனுமதி தேவை. எனவே இப்பொருள்களைப் பயன்படுத்தும் சிறந்த வழி, புதிதாக வெட்டுவதை விட, இடிக்கப்படும் பழைய வீடுகளின் கல்லையும் பனஞ்சலாகையையும் முதிரைக் கதவு நிலைகளையும் மீண்டும் எடுத்தாளுவதேயாகும்.

நம்பிக்கை 2: சீமெந்து எவ்வளவு கூடுகிறதோ, வீடு அவ்வளவு பலமாகும்.

உண்மை: உலகில் மனிதர் வெளிவிடும் காபனீரொட்சைட்டில் ஏறத்தாழ 7 முதல் 8 வீதம் சீமெந்து உற்பத்தியால் வருகிறது. அதில் பெரும்பங்கு எரிபொருளால் அன்றி, சூளையில் சுண்ணக்கல் பிரிவதாலேயே உண்டாகிறது. கிளிங்கர் எனப்படும் அடிப்படைப் பொருளை ஒரு தொன் செய்வதற்குள் ஏறத்தாழ அரைத் தொன் காபனீரொட்சைட்டு கல்லிலிருந்து மட்டும் வெளியேறிவிடும். தேவைக்கு மேல் சீமெந்து சேர்த்த சாந்து பலத்தைக் கூட்டாமல், உலரும்போது சுருங்கிப் பூச்சில் வெடிப்பை ஏற்படுத்தக்கூடும். கொங்கிரீட்டின் தரத்தையோ நீரின் அளவு, சல்லியின் தரம், வார்த்த பின் நாளாந்தம் நீர்விட்டு ஈரம் காத்தல் ஆகியனவும் சீமெந்தின் அளவோடு சேர்ந்தே தீர்மானிக்கின்றன. நுரைச்சோலை அனல் மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்தபின் எஞ்சும் நுண்சாம்பல் போன்ற பொருள்களைக் கலந்து செய்யும் கலப்புச் சீமெந்து, கிளிங்கரின் பங்கைக் குறைப்பதோடு, உப்பு உட்புகுவதையும் தாமதப்படுத்துவதால், கடல் சூழ்ந்த குடாநாட்டுக்கு ஏற்றது. ஆயினும் அது மெதுவாக இறுகுவதால், ஈரம் காக்கும் நாள்களைக் கூட்ட வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் சீமெந்தை விட அவசரமான கேள்வி மணலைப் பற்றியது. மணற்காடு முதலிய வடமராட்சிக் கிழக்குக் கரையோர மணல்மேடுகள் கடற்காற்றையும் அலையையும் தடுப்பதோடு, தம் அடியில் நன்னீரையும் தேக்கி வைத்திருப்பவை. அவை அள்ளப்படும்போது ஊரும் கிணறும் ஒருங்கே பாதிக்கப்படுகின்றன. கழுவாத கடல்மணலிலுள்ள குளோரைட்டு, கொங்கிரீட்டினுள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்து கூரையைப் பிளக்கவும் கூடும் என்பதால், மலிவாகக் கிடைக்கும் அந்த மணல் கட்டுபவருக்கும் இலாபமல்ல. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின்படி மணல் அகழ்வுக்கும் ஏற்றிச்செல்வதற்கும் அனுமதிப்பத்திரம் தேவையாதலால், மணல் வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல, அந்தப் பத்திரத்தையே.

நம்பிக்கை 3: புதிய கூரைப் பொருளே குளிர்ச்சியும் சிக்கனமும் தரும்.

உண்மை: யாழ்ப்பாணம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 9.7 பாகையளவில் இருப்பதால், ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் இறுதியிலும் நண்பகற் சூரியன் உச்சந்தலைக்கு மேலேயே நிற்கிறது. ஆகவே சுவரை விடக் கூரையே வெப்பத்தை அதிகம் வாங்குகிறது. மூடாத கொங்கிரீட் பிளாட், அதாவது தட்டைக் கூரை, பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் அறைக்குள் விடுகிறது. ஓட்டுக் கூரையோ, ஓடுகளின் இடைவெளியாலும் முகட்டின் கீழுள்ள காற்றாலும், விரைவில் தணிகிறது. பிளாட்டை விட முடியாதவர், அதன் மேல் வெண்பூச்சுப் பூசி, சூரியத் தகடுகளைச் சற்று உயர்த்திப் பொருத்தி நிழலாக்கினால் பயன் கிடைக்கும். அவ்வாறின்றி, வெப்பத்தை உள்ளே விட்டபின் அதனை வெளியேற்றக் குளிரூட்டியும், குளிரூட்டியை இயக்கச் சூரியத் தகடும் வாங்குவது, தவிர்த்திருக்கக்கூடிய செலவைச் செய்துவிட்டு அதைப் பசுமை என்று அழைப்பதேயாகும்.

'சீற்' என்று பொதுவாக வழங்கும் அஸ்பெஸ்டஸ் தகடு மலிவானது. ஆனால் அஸ்பெஸ்டஸின் எல்லா வகைகளும் புற்றுநோயை உண்டாக்குவன என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. தகட்டை அறுக்கும்போதும் துளைக்கும்போதும் உடைக்கும்போதும் எழும் நுண்ணிழைத் தூசு நுரையீரலில் தங்கிவிடுவதால், வீட்டில் குடியிருப்பவரை விட ஓடாவிக்கும் கூலித் தொழிலாளிக்குமே ஆபத்து முதலில் நேர்கிறது. இலங்கை அரசு அறிவித்திருந்த இறக்குமதித் தடை, 2017 டிசம்பரில் அஸ்பெஸ்டஸை ஏற்றுமதி செய்யும் ரஷ்யா இலங்கைத் தேயிலைக்குத் தற்காலிகத் தடை விதித்ததை அடுத்துப் பிற்போடப்பட்டது. ஆகவே தகடு இன்றும் கடையில் கிடைப்பது வணிகத்தின் விளைவேயன்றிப் பாதுகாப்புக்குச் சான்று அன்று. பழைய சீற்றைக் கழற்றுவோர் அதனை நன்கு நனைத்து, உடைக்காமல் முழுத் தகடாக இறக்க வேண்டும். நொறுக்கி நிலம் நிரப்பப் பயன்படுத்தவே கூடாது.

தொழிற்சாலையில் முழுமையாகச் செய்து வந்து பூட்டும் வீடே நவீனமானது என்ற எண்ணமும் இங்கு சோதிக்கப்பட்டது. வடக்கு, கிழக்கில் 65,000 முன்தயாரிப்பு உருக்கு வீடுகளை அமைக்க 2016இல் அரசு முன்னெடுத்த திட்டத்தில் ஒரு வீட்டின் செலவு 20 இலட்சம் ரூபாயைத் தாண்டியிருந்தது. அதேவேளை, பயனாளியே மேசனை அமர்த்திக் கட்டிய இந்திய வீடமைப்புத் திட்டம் வீடொன்றுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாயே வழங்கியது. உருக்கு வீடு வெப்பத்தைக் கூட்டும், கடற்காற்றில் துருப்பிடிக்கும், உள்ளூரில் திருத்தவோ பெருப்பிக்கவோ இயலாது, உள்ளூர்த் தொழிலாளருக்கு வேலை தராது என்ற விமர்சனங்கள் வலுத்தன. அத்திட்டம் முன்வைக்கப்பட்ட வடிவில் நிறைவேறவில்லை. ஊரிலுள்ள கையால் திருத்தக்கூடிய வீடே நெடுநாள் நிற்கும் என்பது அவ்விவாதத்தில் தெளிவானது.

நம்பிக்கை 4: முற்றம் முழுவதும் கல் பதித்து, சுற்றிவர மதில் எழுப்பினால் வளவு துப்புரவாக இருக்கும்.

உண்மை: ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீற்றர் மழை பெறும் ஊரில், இரண்டு பரப்புக் காணியின் மேல் 6 இலட்சம் லீற்றர் நீர் விழுகிறது, அதன் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையான சில வாரங்களிலேயே பெய்துவிடுகிறது. மண் முற்றத்தில் அந்த நீரின் ஒரு பங்கு ஆவியாகிப் போனாலும், மற்றொரு பங்கு கீழிறங்கிக் கிணற்றுக்குச் சேர்கிறது. வளவு முழுவதையும் சீமெந்தால் மூடினால், அதே நீர் ஒழுங்கைக்கு ஓடி வெள்ளமாகிறது; கோடையில் கிணறு வற்றுகிறது. ஊரில் ஒருவர் மட்டும் இவ்வாறு செய்வதால் பெரும் மாற்றம் நேராது. ஆனால் காணிகள் சிறுத்து, எல்லாரும் செய்யும்போது, ஊரின் நீர் வரவே குறைகிறது. வாகனம் செல்லும் தடத்துக்கு மட்டும் இடைவெளி விட்ட கல்லைப் பதித்து, எஞ்சிய நிலத்தை மண்ணாக விடுவது செலவையும் குறைக்கும்.

மதிலுக்கும் இது பொருந்தும். கிளுவையும் பூவரசும் சீமைக்கிளுவையும் நட்டு வளர்த்த கதியால் வேலி, மாரி வெள்ளத்துக்கு வழிவிட்டு, வைகாசி முதல் வீசும் சோழகத்தை வீட்டுக்குள் அனுமதித்து, தோட்டத்துக்குப் பசுந்தாளும் தந்தது. ஆளுயர மதில் இம்மூன்றையும் தடுப்பதால், பாதுகாப்புக்கு மதில் வேண்டுமென எண்ணுவோர், அடியில் நீர் செல்லும் துவாரங்களும், தெற்கு, மேற்குப் பக்கங்களில் காற்றுப் புகும் இடைவெளிகளும் விட்டுக் கட்டுவது நன்று.

நம்பிக்கை 5: கிணற்றை விட ஆழமான குழாய்க் கிணறு நல்ல நீர் தரும், குழாய்நீர் வந்தபின் கிணறே தேவையில்லை.

உண்மை: குடாநாட்டின் நன்னீர், அடர்த்தி கூடிய உவர்நீரின் மேல் ஒரு வில்லையைப் போல மிதக்கிறது. கைபென், ஹெர்ஸ்பேர்க் என்ற இரு அறிஞர்களின் பெயரால் வழங்கும் விதியின்படி, கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழ் ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும். அவ்வாறே, மேல்மட்டம் ஒரு மீற்றர் நிரந்தரமாகத் தாழ்ந்தால், உவர்நீரின் எல்லை காலப்போக்கில் 40 மீற்றர் உயரக்கூடும். ஆகவே இங்கு ஆழம் நீரின் தூய்மைக்கு உறுதியளிப்பதில்லை, உவர்நீரை நெருங்குவதாகவே முடியும். அகலமான பழைய வெட்டுக்கிணறு நன்னீரின் மேற்பகுதியைச் சிறிது சிறிதாக எடுப்பதால் இந்நிலத்துக்கு ஏற்றது. அதிலும் பெரிய மோட்டாரால் ஒரே மூச்சில் இறைப்பதைத் தவிர்க்க வேண்டும்.

கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையே 50 அடி விட்டால் போதும் என்ற வழக்கமும் முழு உறுதியைத் தருவதில்லை. மணலில் மெதுவாக ஊறும் கழிவுநீர், சுண்ணக்கல்லின் வெடிப்புகளில் வடிகட்டப்படாமலே விரைந்து செல்லும். அதே காங்கேசன்துறை வீதியில் வடக்கே உள்ள சுன்னாகத்தில் மின்னுற்பத்தி நிலையமொன்றின் எண்ணெய்க் கழிவால் கிணறுகள் மாசடைந்த வழக்கில், 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இரண்டு கோடி ரூபாய் நட்டஈடு விதித்தது, ஓரிடத்து மாசு பல வளவுகளின் கிணறுகளுக்குள் போய்ச் சேரும் என்பதை ஊருக்கு உணர்த்தியது. வீட்டுக் கழிவு, எண்ணெயைப் போல மணப்பதில்லை; ஆனால் அதிலுள்ள நைதரசன், நைத்திரேற்றாக மாறிக் கண்ணுக்கும் நாவுக்கும் தெரியாமல் நீரில் கலக்கிறது. லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று உள்ள நீரில் கரைத்த பால்மா, கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைக்கக்கூடும். நீரைக் கொதிக்க வைப்பதால் நைத்திரேற்று நீங்காது, நீர் ஆவியாவதால் அதன் செறிவு கூடவே செய்யும். ஆகையால் அடித்தளம் பூசப்பட்ட இரு அறைத் தாங்கியும், மாரியில் உயரும் நீர்மட்டத்துக்கு மேலே அமையும் உறிஞ்சு படுக்கையும், அப்படுக்கையின் மேல் நீரையும் நைதரசனையும் உண்ணும் வாழை முதலிய பயிர்களும் வேண்டும். இவற்றுக்குச் செலவிடுவது, சலவைக்கல் தளத்துக்குச் செலவிடுவதை விடப் பெரிய சுற்றாடற் பணியாகும்.

குழாய்நீரைப் பொறுத்தவரை, 2024 ஓகஸ்டில் தாளையடியில் திறக்கப்பட்ட கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீரை வழங்கும் ஆற்றல் கொண்டது. கடல்நீரை நன்னீராக்கும் இத்தகைய முறைக்குக் கனமீற்றருக்கு ஏறத்தாழ 3 முதல் 4 அலகு மின்சாரம் செலவாகிறது. அந்நீரைக் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் வைத்துக்கொண்டு, தோட்டத்துக்கும் கழிப்பறைக்கும் கிணற்றையும் கூரைநீரையும் பயன்படுத்துவதே சிக்கனம். 2005ஆம் ஆண்டிலேயே தேசிய மழைநீர்க் கொள்கையை ஏற்றுக்கொண்ட நாட்டில், 5,000 லீற்றர்த் தாங்கி ஒன்று நாளொன்றுக்கு 20 லீற்றர் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்தும் நால்வர் குடும்பத்துக்கு 250 நாள் வரும் என்ற எளிய கணக்கை வீடு கட்டுவோர் அரிதாகவே போட்டுப் பார்க்கின்றனர். முதல் மழையின் அழுக்குநீரை ஒதுக்கும் குழாயும், இறுக மூடிய வாயும், நுளம்பு புகா வலையும் அத்தாங்கிக்கு இன்றியமையாதவை. தாங்கி நிறைந்து வழியும் நீரை நேரே கிணற்றில் விடாமல், மணலும் கரியும் இட்ட வடிகுழி வழியாக நிலத்துக்குள் இறக்க வேண்டும்.

நம்பிக்கை 6: பழைய வீட்டை இடித்துப் பசுமையான புதிய வீட்டைக் கட்டுவதே முன்னேற்றம்.

உண்மை: ஒரு கட்டடத்தின் கல்லுக்கும் சாந்துக்கும் கம்பிக்கும் செலவான சக்தி, அது இடிக்கப்படும் நாளில் பெரும்பாலும் வீணாகிறது, புதிய வீடு மின்சாரத்தில் மிச்சம் பிடித்து அதனை ஈடுசெய்யப் பல ஆண்டுகள் செல்லும். வெளிநாட்டுப் பணத்தால் கட்டப்பட்டு, ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும் மாடி வீட்டில், அந்த ஈடு எக்காலத்தும் கிட்டாமல் போகவும் கூடும். நடுவே வானம் திறந்த முற்றமும் சுற்றிவர விறாந்தையும் கொண்ட நாற்சார் வீடு, காற்றோட்டத்திலும் ஒளியிலும் இன்றைய அளவுகோல்களுக்கும் ஈடுகொடுக்கிறது. அதில் மின்னிணைப்பையும் கழிப்பறையையும் கூரையையும் திருத்துவது பெரும்பாலும் போதுமானது. போர்க்காலப் பொருளாதாரத் தடையால் சீமெந்து கிடைக்காமலிருந்த 1990களின் முற்பகுதியில், ஓட்டையும் மரத்தையும் கழற்றி மீண்டும் பூட்டிய வழக்கம் குடாநாட்டில் கட்டாயத்தால் நிலவியது. அந்தத் திறமையைத் தெரிவாகக் கைக்கொள்வதற்கு இன்று தடை எதுவும் இல்லை.

இவற்றைத் தொகுத்து நோக்கும்போது, பசுமை வீட்டுக்குக் கூடுதல் பணம் வேண்டும் என்ற எண்ணமும் நிலைப்பதில்லை. இடிக்காமை, கல் பதிக்காமை, தேவைக்கு மேல் கட்டாமை ஆகிய மூன்றும் செலவைக் குறைக்கும் முடிவுகளே. செலவு கேட்பவை கழிவுத் தாங்கியும் மழைநீர்த் தாங்கியுமே. இவ்விரண்டும், கிணற்றின் இடமும், மண்ணாக விடப்படும் நிலத்தின் அளவும், பிரதேச சபையின் கட்டட அனுமதிக்காக வரைபடம் தயாராகும்போதே வரையப்பட வேண்டும். ஓட்டின் நிறத்தையும் தளக் கல்லையும் பின்னர் மாற்றலாம். கழிவுக் குழியைத் தவறான இடத்தில் அமைத்த பிழையையோ, அடுத்த வளவின் கிணற்றிலிருந்து நீர் அள்ளுபவரும் சேர்ந்தே சுமக்க வேண்டியிருக்கும்.