அச்சுக்குக் கொடுக்கும் முன் ஐந்து விஷயம்



இந்தச் சுவரிதழைக் கையால் எழுதுகிறோம். தப்பு வந்தால் அடித்துவிட்டுத் திருத்தலாம். அச்சில் அது நடக்காது. ஆஃப்செட் அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு அலுமினியத் தகடு செய்கிறார்கள். தகட்டில் தப்பு ஏறிவிட்டால் 1000 நோட்டீஸிலும் அதே தப்புதான். கோயில் திருவிழாவோ, கந்தூரியோ, மாதா கோயில் கொடியேற்றமோ, காசும் போச்சு, நாளும் போச்சு! அதனால் டி.டி.பி. கடையிலிருந்து பைல் சிவகாசிக்குப் போகும் முன்பே இதையெல்லாம் பார்த்துவிட வேண்டும்.

1. நிறம்: கம்ப்யூட்டர் திரை சிவப்பு, பச்சை, நீலம் என்ற ஒளியால் படம் காட்டுகிறது. அச்சில் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று 4 மை. பாம்பன் பாலத்துக்கிட்ட எடுத்த கடல் போட்டோ திரையில் பளீர்னு இருக்கும், காகிதத்தில் மங்கிவிடும். 4 நிறத்துக்கு மாற்றிப் பார்த்த பிறகே அனுப்பணும். சின்ன எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும் போதும். 4 மையும் சேர்ந்தால், தகடு லேசாக விலகினாலும் எழுத்து கலங்கிவிடும்.

2. படம்: ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி வேணும். 1200 புள்ளி அகலமுள்ள படம் 4 அங்குலத்துக்குத்தான் சரிவரும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் போட்டோ சுருங்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்க.

3. ஓரம்: காகிதம் வெட்டும்போது கத்தி கொஞ்சம் தள்ளிப் போகலாம். பின்னணி நிறத்தை நாலு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக விடணும். 148 × 210 மி.மீ. நோட்டீஸுக்குப் பைல் 154 × 216 மி.மீ. எழுத்து, வெட்டும் கோட்டிலிருந்து 5 மி.மீ. உள்ளே இருக்கட்டும்.

4. எழுத்து: தமிழுக்கு இதுதான் முக்கியம். பாமினி போன்ற பழைய எழுத்துரு அச்சகக் கம்ப்யூட்டரில் இல்லையென்றால், தமிழ் போய் ஆங்கில எழுத்தாகக் கொட்டும். யூனிகோடிலும் சில பழைய சாப்ட்வேரில் 'ராமேஸ்வரம்' என்பதில் கொம்பு 'ம'வுக்குப் பின்னாடி போயிரும். எழுத்தையெல்லாம் 'கர்வ்ஸ்' ஆக, அதாவது படமாக மாற்றிவிட்டால் கவலை இல்லை. ஆனால் அப்புறம் திருத்த முடியாது. அதனால் மாற்றாத பைல் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

5. புரூஃப்: ஒருத்தர் வாசிக்க, இன்னொருத்தர் சரிபார்க்கணும். தேதியும் கிழமையும் ஒத்துப்போகுதா? போன் நம்பரில் 10 எண்ணும் இருக்கா?

அச்சகத்தில் நாம் கொடுத்ததைத்தான் அடிப்பார்கள். கொடுப்பதற்கு முன் அரை மணி நேரம் பார்த்தால், 1000 காகிதம் குப்பைக்குப் போகாது.


ஒன்பதாம் வகுப்பு மாணவி