பறவைகளை எண்ணிச் சேர்த்த நிதி

பறவைகளைப் பார்ப்பது வெறும் பொழுதுபோக்கு என்றே நான் நினைத்திருந்தேன். அந்தப் பார்வையே பறவைகளின் பாதுகாப்புக்கு நிதி சேர்க்கும் என்பதை, கனடாவில் நடைபெறும் ஒரு முயற்சியைப் பற்றி வாசித்தபோதுதான் அறிந்துகொண்டேன்.

ஒன்ராறியோ மாகாணத்தில், ஈரி ஏரிக்குள் நீண்டு கிடக்கும் மணல் முனை ஒன்று உண்டு. அதன் பெயர் லோங் பொயின்ற். குளிர்காலத்தைத் தெற்கே கழித்த பறவைகள், வசந்த காலத்தில் வடக்கே திரும்பும் வழியில் இங்கே இறங்கி இளைப்பாறும். 1960இல் இங்கு ஒரு பறவை ஆய்வு நிலையம் உருவானது. 1976இல் அந்நிலையம் 'பேர்டத்தோன்' என்னும் நிதி திரட்டலை ஆரம்பித்தது. றோயல் ஒன்ராறியோ நூதனசாலையில் பணியாற்றிய ஜேம்ஸ் பெய்லி என்னும் பறவை ஆர்வலரின் பெயரை அது முன்னர் தாங்கி நின்றது.

அதன் முறை எளியது. பங்குபற்றுபவர் மே மாதத்தில் தமக்கு வசதியான 24 மணித்தியாலங்களைத் தெரிவுசெய்வார். அந்நேரத்துள் கண்ணால் கண்டோ குரலைக் கேட்டோ எத்தனை பறவை இனங்களை அடையாளம் காண்கிறார் என்பதே கணக்கு. ஒரே இனத்தில் நூறு பறவைகள் வந்தாலும் ஓர் இனம்தான். உறவினரும் நண்பர்களும் ஓர் இனத்துக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே வாக்களிப்பர். உதாரணமாக, பத்துப் பேர் இனத்துக்கு 50 சதம் வீதம் வாக்களித்தால், 80 இனங்களைக் கண்டவர் 400 டொலர் சேர்த்துவிடுவார். அப்பணம் பறவை ஆய்வுக்கும் பாதுகாப்புக்கும் செல்கிறது.

தோழியரே, இங்கே ஒரு கேள்வி எழுகிறது. காணாத பறவையைக் கண்டதாக எழுதினால் யாருக்குத் தெரியும்? பணமும் கூடுமே!

இதை நானே அனுபவித்தேன். ஒரு விடுமுறைக் காலையில் எங்கள் வளவில் எண்ணிப் பார்க்கப் புறப்பட்டேன். இனத்துக்கு 20 ரூபா தருவதாக வாப்பா சொன்னார். காகம், மைனா, செண்பகம், மீன்கொத்தி என்று பதினொன்று சேர்ந்தன. அப்போது பலா மரத்திலிருந்து சிறு பறவையொன்று விர்ரென்று பறந்து மறைந்தது. "அதையும் எழுதுங்க ராத்தா, பன்னிரண்டாகும்" என்றான் தம்பி. பேனையை எடுத்தேன். ஆனால் என்ன பெயரை எழுதுவது? அதன் நிறத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. பேனையை மூடிவிட்டேன்.

பணம் கொடுப்பவர் நம் கண்களை நம்பிக் கொடுக்கிறார். ஆய்வாளரும் இத்தகைய பட்டியல்களைக் கொண்டே எந்த இனம் பெருகுகிறது, எது அருகுகிறது என அறிகின்றனர். அருகிவரும் பறவையை ஒருவர் காணாமலே கண்டதாக எழுதினால், அது நலமாக இருப்பதாகவே தோன்றும். உதவி செய்யப் போய், அப்பறவைக்கே தீங்கு செய்தவராவோம்.

வாப்பா தந்த 220 ரூபாவை ஒரு மண்சட்டி வாங்கவென எடுத்து வைத்தேன். இன்று அது பலா மரத்தடியில் நீர் நிறைந்து இருக்கிறது. அந்தப் பன்னிரண்டாவது பறவை நீர் குடிக்க வரும் நாளில், அதன் பெயரைக் கேட்டறிந்து எழுதுவேன்.