மார்ஃபினைக் கடைசிக்கு எடுத்து வைக்காதீர்கள்

"இப்பவே அந்த மாத்திரையைக் குடுத்துட்டா, கடைசியில என்ன டாக்டர் குடுப்பீங்க?"

புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் எழுதும்போதெல்லாம் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. நோயாளி கேட்பதில்லை, அவருக்கு வலியே பெரும்பாடு. கேட்பது மகன், மருமகள், பார்க்க வந்த இடத்தில் நாட்டாமையை எடுத்துக்கொண்ட சித்தப்பா. மார்ஃபின் என்றால் போதை, போட ஆரம்பித்தால் மூளை பழகிவிடும், பழகினால் அடிமை, அப்புறம் எந்த மருந்தும் கேட்காது, ஆகவே முடிந்தவரை தள்ளிப்போடு. இவ்வளவும் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. இதில் ஒன்றே ஒன்றுதான் உண்மை: மூளை பழகும். மற்றதெல்லாம் அந்த உண்மையை அரைகுறையாகக் கேட்டுக்கொண்டதால் வந்த வினை. வெள்ளைக் கோட்டு போட்டவர்களே இதைச் சொல்லும்போது எனக்கு ஆத்திரம் கூடுதலாக வருகிறது.

எப்படிப் பழகுகிறது என்று பார்த்துவிடலாம். ஓபியம் வகை மருந்துகள் ஒட்டிக்கொள்வதற்கு மூளையில் தனி ஏற்பிகள் இருப்பதை 1973-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும் காட்டினார்கள். ஓபியம் கசகசாச் செடியின் பால்; அதை எதிர்பார்த்து நம் மூளை ஏற்பி செய்து வைத்திருக்காதே, பின் எதற்கு அது? 1975-ல் ஸ்காட்லாந்தின் அபர்தீனில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸும் விடை சொன்னார்கள். மூளை தானே சுரக்கும் என்கெஃபலின் என்ற வலிநிவாரணி அந்த ஏற்பிகளில்தான் வேலை செய்கிறது. மார்ஃபின் அந்த இடத்தில் போய் உட்காருகிறது, அவ்வளவுதான்.

உட்கார்ந்ததும் நரம்பு செல்லுக்குள் அடினைலைல் சைக்லேஸ் என்ற நொதி அடங்குகிறது. சைக்ளிக் ஏஎம்பி என்ற தூதுப்பொருள் குறைகிறது. வலிச் செய்தி தணிகிறது. மருந்து நாள்கணக்கில் தொடர்ந்தால் செல் சும்மா இருக்காது. ஏற்பிகள் சிலவற்றின் மேல் பாஸ்பேட்டை ஏற்றி மந்தமாக்கும். சிலவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும்; அவற்றில் பல பிறகு மேற்பரப்புக்கே திரும்பி வரும். அதைவிட முக்கியமான இன்னொரு வேலையையும் செய்யும். அடங்கிக் கிடக்கும் அந்த நொதியைக் கூடுதலாக முடுக்கிவிடும். மார்ஷல் நிரென்பெர்க்கின் குழு வளர்ப்பு செல்களில் இதைக் காட்டியதும் அதே 1975-ல்தான்.

தெருக்குழாயில் தண்ணீர் வேகம் குறைந்தால் வீட்டுக்கு வீடு மோட்டார் மாட்டுகிறோம் அல்லவா? செல்லும் அதையேதான் செய்கிறது. வேகம் குறைவாக இருக்கும்வரை எல்லாம் சமாளித்துப் போகும். ஒருநாள் மாநகராட்சி திடீரென்று முழு வேகத்தில் திறந்துவிட்டால், மோட்டார்களும் ஓடிக்கொண்டிருந்தால், குழாய் பிய்த்துக்கொண்டு போகும். மார்ஃபினைச் சட்டென்று நிறுத்தினால் நடப்பது இதுதான். மூளைத்தண்டில் லோகஸ் செருலியஸ் என்ற பகுதியின் செல்கள் கட்டுக்கடங்காமல் முடுக்கம் பெற்று நாரட்ரினலினைக் கொட்டுகின்றன. வியர்வை, மூக்கில் நீர், ஓயாத கொட்டாவி, மயிர்க்கூச்செறிதல், வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை எல்லாம் வரிசையாக வரும்.

இனி வீட்டில் நடப்பதைப் பாருங்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை என்று எழுதியிருப்போம். "எதுக்கு அவ்வளவு" என்று வீட்டார் அதைப் பாதியாக்குவார்கள். கதிர்வீச்சு கொடுத்து வலி குறைந்தால் ஒரேயடியாக நிறுத்திவிடுவார்கள். மறுநாள் அப்பா வியர்த்து, நடுங்கி, "அந்த மாத்திரையைக் குடுடா" என்பார். உடனே வந்துவிடும் தீர்ப்பு: "பாத்தீங்களா, அடிமையாயிட்டாரு!" ஐயா, அதை வரவழைத்தது நீங்கள். அவரிடம் கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. அளவு குறைந்ததற்கு அவர் உடம்பு பதில் சொல்கிறது.

பழகிப்போவது வேறு, அடிமையாவது வேறு. அடிமைத்தனம் என்றால் மருந்தின் மேல் அடக்க முடியாத ஏக்கம், கெடுதல் என்று தெரிந்தும் விட முடியாமை, வேலை, குடும்பம், பணம் எல்லாவற்றையும் அதற்காக இழத்தல். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 வரையறை இதைத் தெளிவாகவே சொல்கிறது: மருத்துவர் மேற்பார்வையில் ஓபியம் வகை மருந்து எடுப்பவருக்கு அளவு கூடுவதையும், நிறுத்தினால் உபாதை வருவதையும் அடிமைத்தனத்தின் அறிகுறியாகக் கணக்கில் எடுக்கக் கூடாது. ப்ரோப்ரனலால் என்ற இதய மாத்திரையைத் திடீரென நிறுத்தினாலும் இதயம் படபடக்கும், அங்கேயும் ஏற்பிகள் பழகியிருப்பதால். ப்ரெட்னிசலோனையும் படிப்படியாகத்தான் குறைக்கிறோம். அவற்றைப் போடுகிறவரை யாராவது போதை ஆசாமி என்றதுண்டா?

சரி, "கடைசியில என்ன குடுப்பீங்க?" மார்ஃபினைத்தான், தேவைப்பட்டால் அளவைக் கூட்டி. இதற்கு மேல் போகக் கூடாது என்ற உச்சவரம்பு இந்த மருந்துக்கு இல்லை. வலியும் பக்கவிளைவும்தான் அளவைத் தீர்மானிக்கும். நோய் நிலையாக இருக்கும்வரை ஒரே அளவில் மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் நிறைய. அளவு ஏறினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது நோய் பரவியிருக்கிறதா என்பதைத்தான், மூளையை அல்ல. உண்மையிலேயே பழகிப்போய்க் கேட்கவில்லை என்றாலும் வழி இருக்கிறது. ஃபென்டனிலுக்கோ மெதடோனுக்கோ மாற்றலாம். ஒன்றுக்குப் பழகியவர் மற்றொன்றுக்கு அதே அளவு பழகியிருப்பதில்லை, அதனால் மாற்றும்போது அளவைக் குறைத்தே தொடங்குவோம். எடுத்து வைப்பதால் மார்ஃபினுக்குச் சக்தி கூடாது. வலியில் கழிந்த மாதங்கள்தான் வீண்.

இன்னொன்று, எல்லாம் ஒரே வேகத்தில் பழகுவதில்லை. குமட்டலும் தூக்கக் கலக்கமும் சில நாட்களில் அடங்கும். மூச்சைக் குறைக்கும் தன்மைக்கும் உடம்பு பழகிக்கொள்ளும். ஆகவே சிறிய அளவில் தொடங்கி வலிக்கேற்ப ஏற்றினால், மார்ஃபின் மூச்சை நிறுத்திச் சாவை இழுத்து வரும் என்ற பயத்துக்கு இடமில்லை. குடல் மட்டும் பழகவே பழகாது. மலச்சிக்கல் கடைசிவரை இருக்கும். மார்ஃபின் எழுதிவிட்டு மலமிளக்கி எழுதாத மருத்துவரிடம் தைரியமாகக் கேளுங்கள்.

சில்லறைப் புரளிகள் சில. ஊசிதான் வேலை செய்யும், மாத்திரை சும்மா என்பது தவறு. விழுங்க முடிகிறவருக்கு மாத்திரையே போதும். ஏற்பிகள் நிரந்தரமாகச் செத்துவிடும் என்பதும் இல்லை. வியட்நாமில் ஹெராயினுக்கு அடிமையாகித் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களை 1970-களில் லீ ராபின்ஸ் தொடர்ந்து கவனித்தார். ஊர் திரும்பிய பின் மிகப் பெரும்பாலோர் மறுபடி அடிமையாகவில்லை. மூளை மீளும் என்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. சில வாரம் விட்டவர் பழைய அளவையே மறுபடி எடுத்தால் உயிர் போகும்; பழகிய உடம்பு இப்போது இல்லை. கசகசா போட்ட குருமா போதை தராது, ஆனால் துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ பெட்டியில் எடுத்துப் போகாதீர்கள், அங்கே அது சட்டத்துக்குப் புறம்பு.

நேர் எதிரான ஒரு புரளிக்கும் பதில் சொல்ல வேண்டும்: "டாக்டர் எழுதினதுதானே, ஒண்ணும் ஆகாது." அமெரிக்காவை அழித்தது இதுதான். 1980-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஐந்தே வாக்கியங்களில் ஒரு கடிதம் வந்தது. மருத்துவமனையில் ஓபியம் வகை மருந்து பெற்ற 11,882 பேரில் 4 பேருக்குத்தான் அடிமைத்தனம் என்றது. மருத்துவமனைக் கட்டிலில் கொஞ்ச நாள் வாங்கியவர்களின் கணக்கை, வீட்டில் வருடக்கணக்கில் விழுங்குகிறவர்களுக்குச் சான்றாகக் காட்டினார்கள். 1996-ல் ஆக்ஸிகான்டினை இறக்கிய பர்டூ நிறுவனம், அடிமையாக்கும் அபாயத்தைக் குறைத்துச் சொன்னதற்காக 2007-ல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. நாள்பட்ட முதுகுவலி, மூட்டுத் தேய்மானத்துக்கு இவ்வகை மருந்துகள் சாதாரண வலிமாத்திரைகளைவிட மேலல்ல என்பதை 2018-ல் 240 பேரிடம் ஓராண்டு நடந்த அமெரிக்க ஆய்வும் காட்டியது. நீண்ட நாள் எடுத்தால் சிலருக்கு வலியுணர்வே கூர்மையாகும். ஆகவே முதுகுவலிக்கு மாதக்கணக்கில் டிரமடால் வாங்கித் தின்னாதீர்கள். 2018-ல் இந்திய அரசு அதைப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது காரணமில்லாமல் அல்ல.

ஆனால் அமெரிக்காவின் வியாதிக்கு நாம் பத்தியம் இருக்கிறோம். சட்டப்படி ஓபியம் விளைவிக்கும் நாடு இது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேச வயல்களில் விளைவது நீமச், காசிப்பூர் அரசு ஆலைகளுக்குப் போகிறது. அப்படியிருந்தும் இந்திய நோயாளிகளின் தேவையில் 4 சதவீதம்தான் நிறைவேறுகிறது என்று 2017-ல் லான்செட் ஆணையம் கணக்கிட்டது. 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டம் மருத்துவமனைகளை மிரட்டியே வைத்திருந்தது. கேரளத்தின் டாக்டர் எம். ஆர். ராஜகோபால் போன்றவர்கள் பல்லாண்டு மன்றாடிய பிறகு, 2014-ல் திருத்தம் வந்தது. பல துறைகளில் பல உரிமங்கள் வாங்கி அலைந்த இடத்தில் இப்போது மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஒரே அங்கீகாரம் போதும். அதன் பிறகும் "எங்களிடம் ஸ்டாக் இல்லை" என்று சொல்லும் மருத்துவமனைக்குச் சட்டம் ஒரு சாக்கு அல்ல. தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுத்த படுக்கையானவர்களைப் பார்க்கச் செவிலியர் வீட்டுக்கே வருகிறார். அடுத்த முறை வரும்போது அவரிடம் இதைக் கேளுங்கள்: மார்ஃபின் மாத்திரை இந்தத் தாலுகாவில் எங்கே கிடைக்கும்? பதில் "மாவட்டத் தலைநகர்" என்றால், புற்றுநோயாளியைப் பேருந்தில் ஏற்றாமல் அதை எப்படி வாங்குவது என்று அடுத்ததாக மருத்துவ அலுவலரை எழுத்திலேயே கேளுங்கள்.